வாங்கிய கூலிங் கிளாஸ் உண்மையிலேயே போலரைஸ்டு தானா? திருப்பிப் பாருங்கள், தெரிந்துவிடும்

கேள்வி இதுதான்: "போலரைஸ்டு என்று ஸ்டிக்கர் ஒட்டிய கூலிங் கிளாஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன். போட்டால் எல்லாம் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். பழைய கண்ணாடிக்கும் இதற்கும் வித்தியாசம் புரியவில்லை. நிஜமாகவே போலரைஸ்டு தானா என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?"

கண்டுபிடிக்கலாம். போலரைஸ்டு என்பது தண்ணீரிலும் சாலையிலும் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கும் ஒளியைத் தடுக்கும் லென்ஸ். அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், அரை நிமிடம் போதும். கம்ப்யூட்டர் மானிட்டரையோ லேப்டாப்பையோ ஆன் செய்து, வெள்ளையாக ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு லென்ஸ் வழியாகத் திரையைப் பாருங்கள். இப்போது கண்ணாடியை மட்டும் மெதுவாகச் சுழற்றுங்கள்: படுக்கைவாட்டில் இருப்பது நட்டுக்குத்தலாக நிற்க வேண்டும், பிறகு மறுபடி படுக்க வேண்டும். சுழற்றும்போது ஏதோ ஒரு கோணத்தில் திரை மங்கி, ஏறக்குறைய கறுத்தே போய், இன்னும் திருப்பினால் வெளிச்சம் திரும்பி வந்தால் அது போலரைஸ்டு. முழுச் சுற்று சுற்றியும் திரை ஒரே அளவில்தான் மங்கலாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வெறும் சாயம் ஏற்றிய லென்ஸ். 'பெரும்பாலும்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாத் திரையும் இந்தச் சோதனைக்கு ஒத்துவராது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் எவ்வளவு கறுப்பு என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கறுப்பு, பழுப்பு, பச்சை எல்லாம் சாயம். மேலே கண்ணாடி மாதிரி மினுங்கும் நீலமோ தங்க நிறமோ வெறும் பூச்சு. விலை, பிராண்டு, உறை, துடைக்கத் தரும் துணி, இவற்றில் எதுவும் சாட்சி சொல்லாது. போலரைசேஷன் என்ற குணம் திருப்பினால்தான் வெளிப்படும். திருப்பாமல் செய்கிற எந்தச் சோதனையையும் நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் அப்படி? ஒளி ஓர் அலை. போகிற திசைக்குக் குறுக்காக அதிர்வது. சூரியனிலிருந்து நேராக வரும் ஒளியில் மேலும் கீழுமாக, பக்கவாட்டில், சாய்வாக என்று எல்லாக் குறுக்குத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கும். அந்த ஒளி குளத்து நீர், ஈரமான தார்ச்சாலை, காரின் பானெட் போன்ற படுக்கையான பரப்பில் சாய்வாகப் பட்டால், பக்கவாட்டில் அதிரும் பங்குதான் அதிகமாகத் திரும்பி வருகிறது. மற்ற பங்கு பெரும்பாலும் பரப்புக்குள்ளேயே போய்விடும். கண்ணைக் கூசவைக்கும் அந்தப் பளீரென்ற ஒளி இதுதான். ஒளி இப்படி ஒரே திசையில் அதிர்வதுதான் போலரைசேஷன். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அதைத் தளவிளைவு என்று படித்திருப்பீர்கள்.

போலரைஸ்டு லென்ஸுக்குள் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக் தாளை ஒரே திசையில் இழுத்து நீட்டி, அதில் அயோடினை ஏற்றிச் செய்வது. இழுத்த திசையில் மூலக்கூறுகள் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். அந்தத் திசையில் அதிரும் ஒளியை அவை விழுங்கிவிடும். 1938-இல் அமெரிக்காவில் எட்வின் லேண்ட் உருவாக்கிய முறை இது, இன்றும் அடிப்படை இதேதான். கூலிங் கிளாஸில் இந்தப் படலத்தைப் பக்கவாட்டு அதிர்வை நிறுத்தி, செங்குத்து அதிர்வை விடும்படி பதிக்கிறார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு அட்டையை நுழைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் வாட்டத்திலேயே பிடித்தால் அட்டை போய்விடும், குறுக்கே பிடித்தால் நின்றுவிடும். வெறும் சாயக் கண்ணாடிக்கு இந்தத் திசை வேறுபாடே கிடையாது. எல்லா அதிர்வையும் ஒரே அளவில் குறைக்கும், அதனால் எப்படித் திருப்பினாலும் மாற்றம் தெரியாது.

நீங்கள் வீட்டில் செய்யப்போகிற சோதனைக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1808-இல் பாரிஸில் எட்டியேன்-லூயி மாலுஸ் என்பவர், எதிரே இருந்த லக்ஸம்பர்க் அரண்மனையின் ஜன்னலில் பட்டுத் திரும்பிய மாலைச் சூரிய ஒளியை ஒரு கால்சைட் படிகத்தின் வழியாகப் பார்த்தார். அந்தப் படிகம் எதையும் இரண்டாகக் காட்டும். அதைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றது பிரகாசமானது. கண்ணாடியில் பட்டுத் திரும்புவதாலேயே ஒளிக்கு இந்தத் திசைக்குணம் வந்துவிடுகிறது என்று அவர் அன்று கண்டுகொண்டார்.

அவர் பெயரில் ஒரு விதியும் இருக்கிறது, அது உங்களுக்கு நேரடியாக உதவும். போலரைசேஷன் ஆன ஒளியின் முன்னால் லென்ஸைத் திருப்பினால் வெளிச்சம் எப்படிக் குறையும் என்பதைச் சொல்வது அது. 20 டிகிரி திருப்பினால் 100-க்கு 88 பங்கு இன்னும் வந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 45 டிகிரியில் பாதி. 60 டிகிரியில் கால்வாசி. 90-இல்தான் இருட்டு. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் 90 டிகிரி வரை போவதே இல்லை. முழுதாகத் திருப்புங்கள்.

இனி திரைகளின் குணம். மானிட்டர், லேப்டாப் போன்றவற்றில் இருக்கும் எல்சிடி திரையின் முன்பக்கத்திலேயே, ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலரைசர் தாள் ஒன்று ஒட்டியிருக்கும், அது இல்லாமல் அந்தத் திரை வேலையே செய்யாது. அதனால்தான் அங்கிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது. ஆனால் அந்தத் திசை திரைக்குத் திரை மாறும். சில மானிட்டர்களில் அது 45 டிகிரி சாய்ந்திருக்கும், சிலவற்றில் செங்குத்தாகவோ கிடையாகவோ இருக்கும். ஆகவே ஒரு லேப்டாப்பில் கண்ணாடியை நட்டுக்குத்தலாகப் பிடிக்கும்போது இருட்டும், இன்னொன்றில் சாய்த்தால் இருட்டும். எந்தக் கோணத்தில் இருட்டியது என்பது முக்கியமில்லை, எங்காவது ஓரிடத்தில் இருட்டியதா என்பதே கேள்வி.

போன் திரையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம். வெயிலில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டே பார்க்க வசதியாக, சில போன்களில் கூடுதலாக ஒரு தாளைச் சேர்த்து அந்தத் திசைக்குணத்தைக் கலைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட போனில் நல்ல போலரைஸ்டு கண்ணாடியைத் திருப்பினாலும் இருட்டாது. மிஞ்சிப்போனால் வெள்ளைத் திரை லேசாக மஞ்சளாகவோ நீலமாகவோ சாயல் மாறும். போனின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்கிரீன் கார்டும் இதே வேலையைச் செய்யலாம். அதில் வானவில் நிறத் திட்டுகள் தெரியும். அந்த நிற மாற்றமும் போலரைஸ்டு என்பதற்குச் சான்றுதான், சாயக் கண்ணாடியில் அது வராது. போனில் எதுவுமே நடக்கவில்லை என்றால் லேப்டாப்புக்கு மாறுங்கள். அதுவும் இல்லையா, எண்கள் தெரியும் சாதாரணக் கால்குலேட்டரோ டிஜிட்டல் கைக்கடிகாரமோ போதும். கண்ணாடியைத் திருப்பும்போது அந்தச் சின்னச் சாம்பல் திரை முழுவதும் கறுத்து, எண்கள் அதற்குள் மூழ்கிப்போவதைப் பார்ப்பீர்கள். மின்தாள் திரை உள்ள மின்னூல் வாசிப்பான்களிலும் பழைய குழாய் டிவியிலும் இது நடக்காது.

சோதிக்கும்போது ஒரு தவறு எளிதில் நேரும்: கண்ணாடியைத் திருப்புவதாக நினைத்துக்கொண்டு தலையையும் நகர்த்திவிடுவோம். சில மானிட்டர்களைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே மங்கும். அந்த மங்கலைக் கண்ணாடியின் கணக்கில் எழுதக்கூடாது. தலை அசையாமல், திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணாடி மட்டும் சுழல வேண்டும்.

உங்களிடமோ நண்பரிடமோ ஏற்கெனவே நிச்சயமாகத் தெரிந்த போலரைஸ்டு கண்ணாடி ஒன்று இருந்தால் திரையே வேண்டாம். வெளிச்சமான சுவரையோ ஜன்னலையோ பார்த்து, ஒரு கண்ணாடியின் லென்ஸுக்கு முன்னால் இன்னொன்றின் லென்ஸைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே வாட்டத்தில் இருந்தால் சற்றுக் கூடுதலாக மங்கும். ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பியதும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் மட்டும் கறுத்துவிடும். உற்றுப் பார்த்தால் அந்தக் கறுப்பில் கருநீலமோ ஊதாவோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அயோடின் படலம் நீல முனையில் சற்றே கசியும், அது குறை இல்லை. இரண்டில் ஒன்று சாயக் கண்ணாடி என்றால் எப்படித் திருப்பினாலும் மாற்றம் வராது. அப்போது எது சாயம் எது அசல் என்பதை இந்தச் சோதனை சொல்லாது, அதற்குத்தான் ஒன்றைப் பற்றி முன்பே நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன்.

எனக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கையான சோதனை பிரதிபலிப்புதான். கண்ணாடி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையையே செய்யவைத்துப் பார்ப்பது அது. ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணாடி பதித்த மேசையோ பாலிஷ் போட்ட மர மேசையோ இருக்கட்டும். ஜன்னல் வெளிச்சம் அதில் வெள்ளைப் பட்டையாக விழுந்து, அடியில் இருப்பதை மறைத்துக்கொண்டிருக்கும். முகத்தில் அணிவதுபோலவே கண்ணாடியைப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள்: அந்த வெள்ளைப் பட்டை கரைந்து, அடியில் இருக்கும் மரத்தின் ரேகையோ காகிதத்தின் எழுத்தோ வெளியே வரும். கண்ணாடியை நட்டுக்குத்தலாக்குங்கள்: பட்டை திரும்பி வந்து ரேகையை மூடிவிடும். சாயக் கண்ணாடியில் பட்டையும் மங்கும், ரேகையும் சேர்ந்து மங்கும். ஒன்று போய் ஒன்று வராது.

இதிலும் கோணம் முக்கியம். 1815-இல் டேவிட் ப்ரூஸ்டர் கண்டறிந்தபடி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோணத்தில் திரும்பி வரும் ஒளி முழுக்க ஒரே திசை அதிர்வாக இருக்கும். செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால் நீருக்கு ஏறக்குறைய 53 டிகிரி, கண்ணாடிக்கு 56. அதாவது பரப்பிலிருந்து 35 டிகிரி அளவில் சாய்வாகப் பார்க்க வேண்டும். நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. முகம் பார்க்கும் கண்ணாடியிலும், எவர்சில்வர் பாத்திரத்திலும், குரோம் பூசிய கம்பியிலும் முயற்சி செய்ய வேண்டாம். உலோகப் பரப்பு எல்லா அதிர்வையும் திருப்பி அனுப்பிவிடும், அங்கே போலரைஸ்டு லென்ஸ் கிட்டத்தட்ட செயலற்றது. தண்ணீர், ஓடு பதித்த தரை, பெயின்ட் பூசிய கார், பிளாஸ்டிக், கண்ணாடி எல்லாம் சரி.

வெளியே இருந்தால் நீல வானம் போதும். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானப்பகுதியிலிருந்து வரும் ஒளி பெருமளவு போலரைஸ்டு. சுட்டுவிரலைச் சூரியன் பக்கம் நீட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்தால் கட்டைவிரல் காட்டும் திசை அது. அங்கே பார்த்துக்கொண்டு கண்ணாடியைத் திருப்பினால் நீலம் ஆழமாகி மறுபடி வெளிறும். சூரியனை மட்டும் பார்த்துவிடாதீர்கள். எந்தக் கூலிங் கிளாஸும், போலரைஸ்டாக இருந்தாலும், சூரியனையோ கிரகணத்தையோ பார்க்க ஏற்றதில்லை. தேனீக்கள் வானத்தின் இந்த ஒளி அமைப்பைக் கண்டே திசை அறிகின்றன என்பதை நிரூபித்தவர் கார்ல் வான் ஃப்ரிஷ் என்ற விலங்கியல் ஆய்வாளர். என்றாவது வானவில் வந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். போலரைஸ்டு கண்ணாடியை அணிந்து பார்த்தால் வில்லின் உச்சி காணாமல் போகும். கழற்றி நட்டுக்குத்தலாகப் பிடித்தால் உச்சி பளிச்சென்று திரும்பி வரும்.

கடையில் ஒரு அட்டையைக் காட்டுவார்கள். வெறும் கண்ணுக்கு வெறுமையாகவும், கண்ணாடி வழியே பார்த்தால் மீன் படமோ எழுத்தோ தெரிவதாகவும் இருக்கும். அதன் பின்னால் இருக்கும் இயற்பியல் சரியானதுதான். சாயக் கண்ணாடியில் அந்தப் படம் தெரியாது. ஆனால் படம் தெரிந்ததும் எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. லென்ஸில் ஏதோ ஒரு போலரைசர் படலம் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த அட்டை எதையும் சொல்வதில்லை. படலம் நேராகப் பதிக்கப்பட்டிருக்கிறதா, போதுமான வலு உண்டா என்பது அதில் தெரியாது.

படலம் எப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். மலிவான கண்ணாடிகளில் ஒரு லென்ஸின் படலம் நேராகவும் மற்றதன் படலம் சாய்வாகவும் இருப்பதுண்டு. அணிந்தால் தரையின் பளபளப்பு ஒரு கண்ணுக்கு மறைந்து மறு கண்ணுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கண் களைத்துவிடும், காரணம் புரியாது. மேசைச் சோதனையை இரண்டு லென்ஸுக்கும் தனித்தனியே செய்யுங்கள். கண்ணாடி சரியாகப் படுக்கைவாட்டில் இருக்கும்போதே இரண்டிலும் பட்டை மிக மங்கலாக இருக்க வேண்டும். ஒன்றைச் சாய்த்துப் பிடித்தால்தான் பட்டை நன்றாக மறைகிறது என்றால் அந்த லென்ஸ் கோணல். வலுவுக்கும் கணக்கு உண்டு. வழக்கமான கறுப்புள்ள போலரைஸ்டு கூலிங் கிளாஸ் என்றால், விடும் திசையில் போகும் ஒளி, தடுக்கும் திசையில் போவதைவிட குறைந்தது 8 மடங்கு இருக்க வேண்டும் என்று கூலிங் கிளாஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12312-1 கேட்கிறது. நல்ல படலத்துக்கு இது சுலபம். லேப்டாப் முன்னால் முழுதாகத் திருப்பியும் திரை பாதிதான் மங்குகிறது என்றால் அந்தப் படலத்தை நான் நம்பமாட்டேன்.

இன்னொரு பொய்யைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துவிடலாம். எல்லாத் திசையிலும் அதிரும் ஒளியில் ஒரு போலரைசர் அதிகபட்சம் பாதியைத்தான் விட முடியும். நடைமுறையில் அதற்கும் குறைவு. ஆகவே ஏறக்குறைய நிறமே இல்லாமல், சாதாரண மூக்குக்கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் லென்ஸைப் 'போலரைஸ்டு' என்று விற்றால் அது உண்மையாக இருக்க வழியில்லை. இரவில் வண்டி ஓட்ட மஞ்சள் போலரைஸ்டு கண்ணாடி என்று விற்பதும் இதனால்தான் கவலை தருகிறது. அது உண்மையிலேயே போலரைஸ்டு என்றால், ஏற்கெனவே இருட்டான சாலையில் கண்ணுக்கு வரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் குறைத்துவிடும். இரவில் அதை அணியாதீர்கள்.

போலரைஸ்டு என்றால் புற ஊதாக் கதிரிலிருந்தும் காக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் தனித்தனி. மேலே சொன்ன எந்தச் சோதனையும் புற ஊதாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. யுவி 400 என்று குறித்திருந்தால் 400 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான கதிரைத் தடுக்கும் என்று பொருள். கறுப்பாக இருந்து புற ஊதாவைத் தடுக்காத லென்ஸ், கண்ணாடியே போடாமல் இருப்பதைவிட மோசம்: இருட்டுக்குக் கண்மணி விரியும், விரிந்த வழியில் கதிர் உள்ளே போகும். வீட்டில் ஊதா டார்ச் அடித்துப் பார்க்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். மலிவான டார்ச்சுகள் பலவும் 395 நானோமீட்டர் அளவில், எல்லைக்கோட்டின் மேலேயே ஒளிர்பவை. கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் அதில் கலந்திருக்கும். கண்ணாடிக் கடைகள் பலவற்றில் இதை அளக்கும் மீட்டர் இருக்கும், கேட்டால் லென்ஸை வைத்துக் காட்டுவார்கள்.

சினிமா தியேட்டரில் தரும் 3டி கண்ணாடியைக் கூலிங் கிளாஸாகப் பயன்படுத்தலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வேண்டாம். அவற்றில் பல வேறு வகையான, வட்டப் போலரைசேஷன் உள்ளவை. தரைப் பளபளப்பை அடக்கும் விதத்தில் அமைந்தவை இல்லை, புற ஊதாவுக்கும் உத்தரவாதம் கிடையாது.

சோதனையில் தேறிய கண்ணாடியும் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது. விமான ஓட்டிகளுக்குப் போலரைஸ்டு லென்ஸ் வேண்டாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொல்கிறது, கருவிகளின் திரை மறைந்துவிடலாம் என்பதால். இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்கள் சாலையில் ஈரத்தையும் எண்ணெய்க் கசிவையும் அதன் பளபளப்பை வைத்துத்தான் கண்டுகொள்கிறார்கள். போலரைஸ்டு லென்ஸ் அந்த எச்சரிக்கையையும் சேர்த்துத் துடைத்துவிடும். மீன் பிடிப்பவர், படகில் போகிறவர், பகலில் நெடுந்தூரம் கார் ஓட்டுபவர் இவர்களுக்குத்தான் இதன் முழுப் பயன். கார் ஓட்டும்போது முன்னால் போகும் வண்டியின் பின்கண்ணாடியில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அந்தப் பின்கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவூட்டியபோது அதற்குள் தங்கிவிட்ட இறுக்கம்தான் அப்படித் தெரிகிறது. உங்கள் லென்ஸ் அசல் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

தேறிய கண்ணாடியை வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் விட்டுவிடாதீர்கள். படலம் பல லென்ஸ்களில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒட்டப்பட்டது, வெப்பத்தில் அந்த ஒட்டு விட்டுப்போகும். லென்ஸின் ஓரத்தில் சிறு குமிழிகளோ, வெளுத்த வளையமோ, அலையலையான சுருக்கமோ தெரிந்தால் உரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைத் திரும்ப ஒட்ட முடியாது, லென்ஸை மாற்ற வேண்டியதுதான்.